பென்சிலால் அடித்த பெயர்

18 அக்டோபர் 2024, வெள்ளி

ஆறாவது வளைவில் பஸ் நின்றுவிட்டது. நடத்துநர் இறங்கி மேலே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, ஏழாவது வளைவில் ஒரு லாரி திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கிறது என்றார். "மண் சரிவா?" என்று நான் கேட்டது அவர் காதில் விழவில்லை, பக்கத்து இருக்கைக்காரர் காதில் விழுந்துவிட்டது. "லாரி, லாரி. வாரத்துக்கு இரண்டு தடவை நடக்கும்" என்றவர், செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மடக்கி உட்கார்ந்து தூங்கத் தொடங்கினார்.

வயநாட்டுக்கு ஏறும் மலைப்பாதையான தாமரச்சேரி சுரத்தில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் ஒன்பது. ஆறாவதில் ஒரு மணி நாற்பது நிமிடம் நின்றோம். கீழே கோழிக்கோட்டுச் சமவெளி வெயிலில் கிடந்தது, எங்களைச் சுற்றி மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. நான் மலைச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தப் பாறை அசைகிறது, எந்த ஓடையில் தண்ணீர் கலங்கலாக வருகிறது என்று. அத்தை அடிவாரத்தில் வாங்கிய பழம்பொரியைப் பிரித்தார் (ஒன்று 12 ரூபாய்). ஒன்றை எனக்குக் கொடுத்துவிட்டு, இன்னொன்றைத் தூங்குகிறவர் எழுந்ததும் கொடுப்பதற்காகத் தனியே எடுத்து வைத்தார். அத்தைக்கு எழுபத்து மூன்று வயது. என் மாமியார்.

இந்தப் பயணம் உண்மையில் ஆகஸ்ட் 10ஆம் தேதிக்கானது. மாமா வேலையில் சேர்ந்த முதல் மூன்று வருடங்கள் மானந்தவாடியில் இருந்தவர். தான் இறந்த பிறகு திருநெல்லியில் தனக்குப் பலி (பிண்டம் வைக்கும் சடங்கு) போட வேண்டும் என்று பாதி விளையாட்டாகச் சொல்லிக்கொண்டிருப்பார். அத்தை அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அறை பதிவு செய்து முன்பணமும் அனுப்பியிருந்தேன். ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் நிலச்சரிவில் போயின. மூன்று நாள் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, நான்காம் நாள் நான் அறையை ரத்து செய்தேன். அந்த ஆகஸ்ட் 10 அன்று பிரதமரே வயநாட்டுக்கு வந்து போனார். நாங்கள்தான் போகவில்லை.

அறை வாடகைக்கு விடும் வீட்டுக்காரர் முன்பணம் இரண்டாயிரத்தையும் பத்து நிமிடத்தில் கைபேசி வழியாகத் திருப்பி அனுப்பிவிட்டார். ஏன், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்போது அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரவு எட்டு மணிக்கு அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். மானந்தவாடியைத் தாண்டி, காட்டிக்குளம் பக்கம், காப்பித் தோட்டத்துக்கு நடுவில் நான்கு அறைகள். எங்களைத் தவிர யாரும் இல்லை. கையெழுத்துப் போட வீட்டுக்காரர் ஒரு நீளமான நாட்குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். அவர் உள்ளே பேனா தேடிய நேரத்தில் பின்னால் புரட்டினேன். எழுத்து மலையாளம், ஆனால் விருந்தினர் பெயர்கள் ஆங்கிலத்தில். ஜூலை 30க்குப் பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் பெயர்கள் இருந்தன, எல்லாவற்றின் மீதும் பென்சில் கோடு. செப்டம்பர் 15, திருவோணத்தன்று நான்கு அறைக்கும் நான்கு பெயர், நான்கு கோடு. ஆகஸ்ட் 10இல் என் பெயர். பக்கத்தில் 2,000 என்று எழுதி, ஒரு வட்டம்.

பேனா கிடைத்து அவர் திரும்பி வருவதற்குள் இன்றைய பக்கத்துக்கு வந்துவிட்டேன்.

19 அக்டோபர், சனி

நாளைக்குப் பலி என்பதால் இன்றைக்கு அத்தைக்கு 'ஒரிக்கல்': ஒரு வேளைதான் அரிசிச் சோறு. இதை எங்களுக்குச் சொன்னவர் வீட்டுக்காரரின் மனைவி. சேச்சி என்றுதான் கூப்பிட்டோம். மதியம் பருப்பும் பப்படமும் போட்டுச் சோறு, இரவுக்குக் கோதுமை தோசை என்று அவரே திட்டம் வகுத்துவிட்டார். எனக்கு அந்த விரதம் இல்லை என்று தெரிந்ததும் கப்பையும் (மரவள்ளிக்கிழங்கு) மத்திக் கறியும் வந்தன. கறியில் குடம்புளி தாராளமாகப் போட்டிருந்தார். நான் மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டேன் என்பதை அத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

காலையில் குறுவா தீவுக்குப் போனோம். எட்டு மாதம் மூடிக்கிடந்து, இந்த வாரம்தான் திறந்திருக்கிறார்கள். நிலச்சரிவால்தான் மூடினார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. பிப்ரவரியில் அங்கே பணியாற்றிய ஒருவரை யானை கொன்றது. அதன் பிறகு காட்டுக்குள் இருக்கும் சுற்றுலா இடங்களுக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. தீவில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு, மூங்கில், பெரிய மரங்கள், அட்டைப்பூச்சி ஒன்று என் கணுக்காலில். வருகிறவர் எண்ணிக்கைக்கு வரம்பு வைத்திருப்பதால் காதுக்கு நல்ல அமைதி.

மாலையில் வீட்டுக்காரர் சேட்டன் திண்ணையில் வந்து உட்கார்ந்தார். நானே எடுத்தேன் பேச்சை. "ஆகஸ்டில் ரத்து செய்தது நான்தான்" என்றேன்.

"தெரியுமே" என்றார்.

அவருக்கு என் மீது கோபம் இல்லை, அல்லது அதைக் காட்டவில்லை. சொன்னதெல்லாம் கணக்கு. 2018 மே மாதம் கோழிக்கோட்டில் நிபா, ஆகஸ்டில் வெள்ளம். 2019 ஆகஸ்டில் புத்துமலைச் சரிவு. அடுத்த இரண்டு வருடம் கொரோனா. "ஒவ்வொரு தடவையும் ஆள் வருவது நிற்கும், பிறகு வரும். இந்தத் தடவைதான் பெயரே மாட்டிக்கொண்டது" என்றார். அதாவது, எல்லோரும் 'வயநாடு நிலச்சரிவு' என்று சொல்லிவிட்டார்கள். சூரல்மலை வெளியூர்க்காரர் வாயில் நுழையவில்லை. மாநிலச் சுற்றுலாத் துறையே அந்தப் பெயரை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தது, மாவட்டம் முழுவதும் போய்விடவில்லை என்று விளம்பரம் செய்தது.

எனக்கு வரைபடம் பார்க்கத் தெரியும். ஆகஸ்டில் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். இந்தத் திண்ணைக்கும் சூரல்மலைக்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, நடுவில் வேறு மலைகள், வேறு ஆறு. மேலே சரிந்து வந்த பரப்பு 86,000 சதுர மீட்டர் என்று இஸ்ரோவின் தொலையுணர்வு மையம் கணித்தது. ஏறக்குறைய 21 ஏக்கர். அந்தச் சேறும் பாறையும் ஆற்றோடு எட்டு கிலோமீட்டர் ஓடி, வழியில் இருந்த ஊர்களை எடுத்துக்கொண்டன. இருநூற்றைம்பதுக்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள். அந்த எட்டு கிலோமீட்டரின் கொடுமையை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் வயநாடு மாவட்டத்தின் பரப்பு 2,132 சதுர கிலோமீட்டர். என் பயம் அத்தனைக்கும் சேர்த்து ஒரே தாளில் கையெழுத்துப் போட்டிருந்தது.

"உங்களுக்குப் பயமே இல்லையா?" என்று கேட்டேன்.

"இருக்கிறதே. இருட்டிய பிறகு நீங்கள் அந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது" என்றார். பிப்ரவரியில் கழுத்தில் ரேடியோ காலர் மாட்டிய ஒரு யானை மானந்தவாடி அருகே வீட்டு வளாகத்துக்குள் நுழைந்து ஒருவரைக் கொன்றது. போன டிசம்பரில் சுல்தான் பத்தேரி பக்கம் புல்லறுக்கப் போனவரைப் புலி கொன்றது. இவையெல்லாம் எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் ஓரிரு நிமிடம் ஓடிய செய்திகள். இங்கே குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தைத் தீர்மானிப்பவை அவைதான்.

இரவு பெங்களூரிலிருந்து நாத்தனார் பேசினார். தினமும் பேசுவார். "மழை பெய்கிறதா? மலை ஓரமாகப் படுக்காதீர்கள்" என்றார். மலை எங்கே இருக்கிறது என்று ஜன்னலைத் திறந்து தேடினேன். காப்பிச் செடிதான் தெரிந்தது.

20 அக்டோபர், ஞாயிறு

விடியற்காலை ஐந்தரைக்கு ஜீப். அத்தை ஈரத் தலையோடு முன் இருக்கையில். தெற்று ரோடு முக்கிலிருந்து திருநெல்லி வரை காடுதான். ஒரு திருப்பத்தில் ஓட்டுநர் வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்தார். சாலையோரத்தில் மூங்கில் முறியும் சத்தம். ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு ஒரு பெரிய பின்புறம் மட்டும் சாலையைக் கடந்தது, அதன் பின்னால் ஒரு சின்னது. "எனக்கு நிலச்சரிவைப் பற்றிக் கேட்கிறார்கள், இதைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை" என்றார் ஓட்டுநர், வண்டியைக் கிளப்பியபடியே.

பாபநாசினி ஒரு சின்ன ஓடை. பிரம்மகிரியிலிருந்து இறங்குகிறது. படிகளில் வழுக்கல். பெண்களும் பலி போடுகிறார்கள் என்பது எனக்குப் புதிது. அத்தைக்குப் புதிதில்லை, மாமா சொல்லியிருக்கிறாராம். தர்ப்பை மோதிரம், எள், அரிசி, குளிர்ந்த தண்ணீர். அவருக்கு இரு பக்கமும் கேரளத்துக் குடும்பங்கள், யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. முடியும் நேரத்தில் அத்தை பூசாரியிடம் ஏதோ கேட்டார். அவர் தலையசைத்தார். இன்னும் ஒரு பிடி வைத்தார் அத்தை. "இது யாருக்கு?" என்றேன். "பேர் தெரியாது" என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

கோயிலில் கருங்கல் தூண்களைத் தாங்கலாக நிறுத்தி, மலையிலிருந்து தண்ணீரைக் கல்வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்திருக்கிறார்கள். இன்னும் தண்ணீர் வருகிறது. திரும்பும்போது முக்கில் நிறுத்தி உண்ணியப்பம் சாப்பிட்டோம். சூடு ஆறாதது, வெளியே மொறுமொறுப்பு, உள்ளே பஞ்சு. அத்தை விரதம் முடிந்தவர், ஏழு சாப்பிட்டார். இந்த முறை நான் எண்ணினேன்.

இரவு பதினொன்றரைக்கு மழை பிடித்தது.

பகலெல்லாம் வரைபடத்தையும் ஏக்கர் கணக்கையும் வைத்துக்கொண்டு தைரியசாலியாகத் திரிந்தவள், இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஓட்டுக் கூரையில் மழை விழும் சத்தம் சாதாரண நேரத்தில் தாலாட்டு மாதிரி இருக்கும். அன்று ஒவ்வொரு இடியும் மலை உருண்டு வருவது போல இருந்தது. செருப்பை வாசலருகே எடுத்து வைத்தேன். அத்தையின் மாத்திரைப் பையைக் கைப்பையில் போட்டேன். எந்த வழியாக ஓடுவது என்று யோசித்தேன். கேட்டைத் தாண்டினால் யானை என்பதும் நினைவுக்கு வந்தது. அத்தை குறட்டை விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார்.

21 அக்டோபர், திங்கள்

காலையில் சேட்டன் தோட்டத்தில் குனிந்து ஒரு பிளாஸ்டிக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழைமானி. "38 மில்லிமீட்டர்" என்று சொல்லிவிட்டு, கைபேசியில் அதைத் தட்டி யாருக்கோ அனுப்பினார். கல்பெட்டாவில் உள்ள ஹியூம் சூழலியல் மையம் மாவட்டம் முழுவதும் இப்படி மழைமானிகளை வைத்துத் தினமும் கணக்கு வாங்குகிறது. புத்துமலைக்குப் பக்கத்தில் கள்ளாடியில் இருப்பது, ஜூலை 30 சரிவுக்கு முந்தைய 48 மணி நேரத்தில் 572 மில்லிமீட்டர் காட்டியது. அதைப் பார்த்து அந்த மையம் முன்கூட்டியே எச்சரித்தும் இருந்தது.

"நேற்று ராத்திரி 38தான். நீங்கள் தூங்கியிருக்கலாம்" என்றார். என் செருப்பு வாசலருகே இருந்ததை அவர் பார்த்திருக்க வேண்டும்.

இந்தக் குழாய் என் மனதில் நன்றாக ஏறிக்கொண்டது. எனக்கு இருந்தது வெறும் பயம், அவருக்கு இருப்பது அளவு வைத்த பயம். எத்தனை மில்லிமீட்டரில் காதைத் தீட்ட வேண்டும், எத்தனையில் கிளம்ப வேண்டும் என்று மலையடிவாரத்தில் இருக்கும் அவருடைய அண்ணன் குடும்பம் கணக்கு வைத்திருக்கிறது. அந்த எண்ணை ஒரு விருந்தினரும் இதுவரை கேட்டதில்லை என்றார். 'அங்கே பாதுகாப்பா?' என்று மட்டும் கேட்கிறார்கள். ஆம் என்று சொன்னால் நம்புவதில்லை.

எடக்கல் குகைக்குப் போனோம். நாற்பது கிலோமீட்டருக்கு மேல் போய் இறங்கினால், திங்கட்கிழமை விடுமுறை. தவறு என்னுடையது. குகையில் தமிழ் பிராமி எழுத்து இருக்கிறது என்று மூன்று நாளாக அத்தையிடம் பெருமை அடித்திருந்தேன். மூடிய வாசலில் அவர் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்தக் கல்வெட்டும் ஈடாகாது. ஓட்டுநர் ஆறுதலாக ஒரு கதை சொன்னார்: ஆகஸ்ட் 9 அன்று இந்த அம்புக்குத்தி மலைப்பக்கம் பூமிக்குள்ளிருந்து முழக்கம் கேட்டது, ஜன்னல்கள் அதிர்ந்தன, மக்களை வீட்டை விட்டு வெளியேறச் சொன்னார்கள். நிலநடுக்கம் எதுவும் பதிவாகவில்லை என்று பிறகு அறிவித்தார்கள். "சத்தம் உண்மை. நானும் கேட்டேன்" என்றார்.

நேரம் மீதி இருந்தது. மேப்பாடியில் சாப்பிடலாம் என்று போனோம். வழியெல்லாம் தேயிலை, மின்கம்பங்களில் இடைத்தேர்தல் சுவரொட்டிகள்; நவம்பர் 13 வாக்குப்பதிவு. மேப்பாடிக்குள் நுழைந்ததும் ஓட்டுநர் குரலைத் தாழ்த்தி, "சூரல்மலை பக்கம் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சிலர் பார்க்க வேண்டும் என்பார்கள். போலீஸ் விடுகிற இடம் வரை போகலாம்" என்றார்.

ஒரு நொடி எனக்கு ஆசை வந்தது. ராணுவம் இரண்டே நாளில் கட்டிய 190 அடி இரும்புப் பாலத்தைத் தொலைக்காட்சியில் பார்த்து அழுதவள் நான். பார்த்தால் என்ன? ஆகஸ்டில் ஐம்பது கிலோமீட்டர் தொலைவுக்கே வரப் பயந்தவள், இப்போது அதன் நெஞ்சுக்குள்ளேயே எட்டிப் பார்க்கத் தயாராக இருந்தேன். அத்தை பின் இருக்கையிலிருந்து, "துக்க வீட்டில் யாரையாவது தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். தெரியாது. "அப்படியானால் சாப்பிட்டுவிட்டுத் திரும்பலாம்" என்றார்.

சாப்பாட்டுக் கடையில் எங்கள் தமிழைக் கேட்டுவிட்டு எதிர் மேசைப் பாட்டி திரும்பினார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். தாத்தா காலத்தில் வந்த குடும்பம். லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருந்த வீடு நிற்கிறது, ஆனால் அங்கே இருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். இப்போது மகனோடு வாடகை வீட்டில். வாடகைக்கு அரசு மாதம் 6,000 ரூபாய் தருகிறது. பேத்தி படித்த வெள்ளார்மலைப் பள்ளி ஆற்றோரத்தில் சிதைந்து நிற்கிறது. பிள்ளைகளுக்கு மேப்பாடியில் வகுப்பு நடக்கிறது. புத்துமலையில் அடையாளம் தெரியாதவர்களை அடக்கம் செய்த இடத்தில், கல்லில் பெயருக்குப் பதிலாக எண் எழுதியிருப்பதையும் அவர்தான் சொன்னார். மரபணுச் சோதனைக்காக எடுத்த மாதிரியின் எண். "நம்பரைப் பார்த்துத்தான் பூ வைக்கிறோம், தாயி" என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்துக்கொண்டு சற்று நேரம் இருந்தார். நேற்றைய அந்த ஒரு பிடியைப் பற்றி அவரிடம் சொல்லவில்லை. எங்களுடைய டீக்கும் சேர்த்துப் பாட்டி பணம் கொடுத்துவிட்டார். நான் தடுக்கப் போனபோது, "எங்கள் ஊருக்கு வந்திருக்கிறீர்கள்" என்றார்.

22 அக்டோபர், செவ்வாய்

கணக்கு முடித்தோம். சுவரில் எழுதியிருக்கும் வாடகை நாளுக்கு 2,200. எங்களிடம் சேட்டன் 1,500 போட்டிருந்தார். முழுத் தொகையையும் வாங்கிக்கொள்ளும்படி நான் வற்புறுத்தினேன். "இப்போது எல்லோருக்கும் 1,500தான், உங்களுக்கு மட்டும் கூட்டினால் கணக்குத் தப்பும்" என்று மறுத்துவிட்டார். நான் இப்படி உள்ளுக்குள் உருகிக்கொண்டிருந்த அதே நேரத்தில், சமையலறைப் பக்கம் அத்தை சேச்சியிடம் மிளகு விலை பேசிக்கொண்டிருந்தார். கிலோ 700 என்றதை 640க்கு இறக்கிவிட்டுத்தான் வந்தார். எனக்கு அவமானமாக இருந்தது. சேச்சிக்கு அப்படி இல்லை. மூன்று மாதத்தில் இப்படிப் பேரம் பேச ஒரு ஆள் வந்ததே என்று சிரித்துக்கொண்டே ஒரு பிடி ஏலக்காயையும் பையில் போட்டார்.

பத்தேரி வழியாகக் கூடலூர். எல்லை தாண்டியதும் மறுபடி வெயில். சூரல்மலையில் ஆற்றின் மேல் கட்டிய கம்பியில் தொங்கியபடி அக்கரைக்குப் போய்க் காயம்பட்டவர்களுக்கு மருத்துவம் செய்த செவிலியர் சபீனா இந்தக் கூடலூர்க்காரர்தான். சுதந்திர தினத்தன்று தமிழக அரசு அவருக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. பஸ் நிலையத்து டீக்கடையில் அதைச் சொன்னேன். டீ ஆற்றியவர், "எங்கள் ஊர்ப் பிள்ளை" என்று சொல்லி, எங்கள் கண்ணாடித் தம்ளரை இன்னும் கொஞ்சம் நிரப்பினார்.

அப்போதுதான் உறைத்தது: நேற்றிரவு நாத்தனார் பேசவே இல்லை. நாங்களே கூப்பிட்டோம். நான்காவது முயற்சியில் எடுத்தார். யெலஹங்கா பக்கம்தான் அவர் வீடு. இரவு முழுவதும் பெய்த மழையில் தெரு முழங்கால் அளவு தண்ணீர், மின்சாரம் இல்லை, கார் நிறுத்துமிடம் மூழ்கிவிட்டது. சற்றுத் தள்ளி இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மீட்புப் படையின் படகு வந்திருக்கிறது. பால் கூட வாங்க முடியவில்லை என்று அழாத குறையாகச் சொன்னார்.

அத்தை கைபேசியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். குழந்தைகள் சாப்பிட்டார்களா என்று விசாரித்தார். பிறகு சொன்னார்:

"தண்ணீர் வடிந்ததும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வயநாட்டுக்குக் கிளம்பு. நான்கு அறையும் காலியாகத்தான் இருக்கிறது."